குடல் குன்றிய பிள்ளைகளும் அவர்தம் வாழ்வின் தரமும்

"சாப்பிட்டாச்சோ?" என்னும் கேள்வியோடு தொடங்காத உரையாடல் நம்மவரிடையே அருமை. வந்தவர் பசியாறினாரா என்று அறியுமுன் வந்த காரியத்தை வினாவுதல் மரியாதையன்று என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். உணவு உயிர்க்கு ஆதாரமாதலோடு, ஒருங்கிருந்து உண்ணுதல் உறவுக்கு அடையாளமுமாகும். உண்டது உடலிற் சேராமையைக் கொடிய துன்பமாக நம் புலவர்களும் எண்ணினர். மணிமேகலையிலே காயசண்டிகை என்பாள் யானைத்தீ என்னும் நோயாற் பற்றப்பட்டு, எத்துணை உண்டும் பசி தணியாது பன்னீராண்டு வருந்தினாள். சாத்தனார் அதனை ஒரு முனிவரின் சாபத்தால் வந்ததாக வைத்தார். சாபம் யாதுமின்றி, பிறந்த அன்றோ பிறந்த சில கிழமைகளிலோ, உண்டது உடலிற் சேராத நிலையை அடையும் குழந்தைகள் உலகெங்கும் உளர். வைத்தியர் அந்நிலையைக் குடற் செயலிழப்பு என்பர்.

வைத்திய விடயத்திலே தமிழாசிரியனுக்கு என்ன வேலை என்று இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர் சிலர் வினாவுதல் கூடும். அவருட் பலர் வைத்தியர்களாய் இங்கும் கடல் கடந்த நாடுகளிலும் தொழில் புரிபவர். நோயை அவர் அறிவர், யான் அறியேன். ஆனால் நோயோடு வாழும் பிள்ளை நாளில் ஆறு மணி நேரம் ஆசிரியன் முன்னிலையிலன்றோ இருக்கின்றது? அப்பிள்ளையின் வாழ்வு நல்வாழ்வா அன்றா என்னும் கேள்வி எழும்போது பள்ளிக்கூடத்தை ஒதுக்கிவிட்டு விடை கூற இயலாது. அவ்வுரிமை பற்றியே இதனை எழுதத் துணிந்தேன்.

முதலில் நோயின் இயல்பைச் சுருக்கமாகக் கூறவேண்டும். சிறுகுடலின் உட்சுவரிலே வெல்வெட்டுத் துணியின் மயிர்போற் செறிந்திருக்கும் சடைமுளைகளே நாம் உண்டதன் சாரத்தை அகத்துறிஞ்சிக் குருதியிற் சேர்ப்பவை. வளர்ந்தோரின் சிறுகுடல் ஏறக்குறைய ஆறு மீற்றர் நீளமுடையது. குறைமாதத்திற் பிறந்த குழந்தைகட்குக் குடற்சுவர் அழுகி இறந்துபோகும் நோய் ஒன்று வருவதுண்டு. அழுகிய பகுதியைச் சத்திரசிகிச்சையால் அகற்றாவிடின் உயிர் நில்லாது. சில குழந்தைகள் வயிற்றுச் சுவரில் உள்ள துவாரத்தினூடே குடல் வெளிப்பட்ட நிலையிற் பிறக்கின்றன. சிலவற்றிற்குக் குடல் முறுக்கிக்கொண்டு குருதியோட்டம் தடைப்பட்டு ஓரிரவிற் கறுத்துப்போகின்றது. வேறு சிலவற்றிற்குக் கருவிலேயே குடலின் ஒரு பகுதி உருவாவதில்லை. இன்னுஞ் சிலவற்றிற்கு நீளம் குறையாதிருந்தும், சடைமுளைகளோ குடலை அசைக்கும் நரம்புகளோ பழுதுற்றிருக்கும். எவ்வழியில் வந்தாலும் முடிவு ஒன்றே: வாயால் உண்பது வளர்ச்சிக்கும், சிலவேளை உயிர் தரிப்பதற்கும் போதாது.

இத்தகைய குழந்தைகள் அறுபது ஆண்டுகட்கு முன் இறந்தே போயின. நரம்பிலே ஏற்றும் சேலைன் நீரும் சிறிது குளுக்கோசும் சில நாளைக்குத் தாங்குமேயன்றி ஒரு குழந்தையை வளர்க்கமாட்டா. வளர்க்கத்தக்க அளவு சத்துக்களைச் செறிவாகக் கரைத்தால் அக்கரைசல் கையிலுள்ள சிறு நாளங்களை எரித்துவிடும். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே ஸ்ரான்லி டட்றிக் என்னும் இளம் சத்திரசிகிச்சையாளர், தம் ஆசிரியர் யொனதன் றோட்ஸ் முதலானோரோடு, இத்தடையை நீக்கும் வழி கண்டார். இதயத்தின் அருகே குருதி வெள்ளமாய் ஓடும் பெருநாளத்திற் குழாயின் முனையைக் கொண்டுபோய் வைத்தால் செறிந்த கரைசலும் உடனே கலந்து நீர்த்துவிடும் என்பதே அது. முதலிற் பீகிள் இன நாய்க்குட்டிகளை மாதக்கணக்காக நாளவழி உணவினாலேயே வளர்த்துக் காட்டினர். பின்னர் 1967இல், சிறுகுடல் ஏறக்குறைய முற்றும் இல்லாது பிறந்து மெலிந்துகொண்டிருந்த ஒரு பெண் குழந்தைக்கு அதே முறையைக் கையாண்டனர். குழந்தை நிறை கூடிற்று, நீளம் கூடிற்று, தலை வளர்ந்தது. டக்ளஸ் வில்மோரும் டட்றிக்கும் 1968இல் அச்செய்தியை வெளியிட்டபோது வைத்திய உலகம் வியந்தது.

அக்குழந்தை இருபத்திரண்டு மாதங்கள் வாழ்ந்தது. அதற்குமேல் வாழவில்லை. வரலாற்று நூல்கள் அம்மாதங்களை வெற்றியெனக் குறிக்கின்றன, அதில் மறுப்பில்லை. எனினும் அவ்வெற்றியை அளந்த கருவிகள் தராசும் அளவுநாடாவுமே. அந்நாளில் வேறு கருவி வேண்டியிருக்கவுமில்லை. சாகப்போகும் பிள்ளை சாகாதிருந்தாற் போதும் என்பதே அனைவரின் வேண்டுதலாயிருந்தது.

இன்று நிலைமை வேறு. சுவீடன் நாட்டிலே ஆர்விட் விறெற்லிண்ட் என்பார் 1960களின் தொடக்கத்திலேயே சோயா எண்ணெயை முட்டைக் கருவின் பொருளோடு கலந்து நாளத்தில் ஏற்றத்தக்க வெண்ணிறக் குழம்பை ஆக்கியிருந்தார். நியூயோர்க்கில் மோறிஸ் ஷில்ஸும், சியாற்றிலில் முன்னமே சிறுநீரக நோயாளர்க்கு வழிகாட்டிய பெல்டிங் ஸ்கிறிப்னரும், 1970ஆம் ஆண்டை அடுத்து நாளவழி உணவை ஆஸ்பத்திரியினின்று வீட்டிற்குக் கொண்டுவந்தனர். மீனெண்ணெயிலிருந்து ஆக்கிய கொழுப்புக் குழம்பு, நாளவழி உணவால் நேரும் ஈரற் பழுதைத் தணிக்கும் என்று பொஸ்ரன் நகரக் குழந்தைகள் ஆஸ்பத்திரியார் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே காட்டினர்; 2018இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி வழங்கிற்று. வைத்தியரும், தாதிமாரும், மருந்தாளரும், உணவியலாரும் ஒரே குழுவாய் நின்று பராமரிக்கும் நிலையங்களிலே இப்போது பத்துப் பிள்ளைகளில் ஒன்பதுக்கு மேற்பட்டவை உயிர் தரிக்கின்றன. எஞ்சிய குடலும் சும்மா இருப்பதில்லை. இளங்குழந்தையின் குடல் தானும் நீண்டு, சடைமுளைகளை உயர்த்தி, இழந்த பகுதியின் வேலையையும் சிறிது சிறிதாக மேற்கொள்கிறது. அதனாற் பல பிள்ளைகள் சில ஆண்டுகளிற் குழாயினின்று விடுபடுகின்றன. சில, குழாயோடேயே வாலிபராகின்றன.

ஆகவே வினா மாறிவிட்டது. பிழைக்குமா என்று கேட்ட உலகம் இப்போது, எப்படி வாழும் என்று கேட்கிறது. இவ்வினாவை யார் யாரிடம் கேட்கின்றனர் என்பதிலேதான் எனக்கு வழக்கு உண்டு.

வீட்டில் இவ்வுணவு ஏற்றப்படும் முறையை அறியாதார் பொருட்டுச் சிறிது விரித்துரைக்கிறேன். பிள்ளையின் மார்பிலே தோலுக்கடியிற் சென்று பெருநாளத்தில் முடியும் மெல்லிய குழாய் ஒன்று எப்போதும் இருக்கும். மாலையானதும் தாய் மேசையைத் துடைத்து, கையை விதிப்படி கழுவி, குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து ஆறவைத்த உணவுப் பையைப் பம்பியோடும், பம்பியைக் குழாயோடும் இணைப்பாள். இதனைக் கற்பதற்கு அவள் பல நாட் பயிற்சி பெற்றிருப்பாள். ஒரு விரல் தவறிப் பட்டாலும் கிருமி குழாய் வழியே நேரே குருதியிற் புகும்; மயிர்க்கால் போன்ற அக்குழாய்க்கும் இதயத்துக்கும் இடையே காவல் ஒன்றும் இல்லை. இரவு பத்து அல்லது பன்னிரண்டு மணி நேரம் பம்பி ஓடும். இடையிற் காற்றுக்குமிழி புகுந்தால், குழாய் மடிந்தால், மணி அடிக்கும். அத்தனை நீரும் குருதியிற் சேர்வதாற் பிள்ளை இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழும். விடிந்ததும் அதே தூய்மையோடு கழற்றி, குழாயை மருந்து நீரால் அடைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவேண்டும். காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தொட்டால் வேறொன்றும் எண்ணாது ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். சாதாரண தடிமற் காய்ச்சலாகவே இருந்தாலும், குருதியிற் கிருமி இல்லை என்று தெளியும்வரை இரண்டு நாள் அங்கேதான்.

இதனைப் படிக்கும் எவருக்கும், ஐயோ, இதுவும் ஒரு வாழ்வா என்று தோன்றும். அத்தோற்றம் இயல்பானது. ஆயின் அது அபாயமானதும் ஆகும். குடல் முழுவதையும் இழந்த பிறப்புக் குழந்தைக்குச் சிகிச்சை தொடங்குவதா, வேதனையை மட்டும் தணித்து விட்டுவிடுவதா என்று வைத்தியர் பெற்றோரோடு ஆலோசிக்கும் வேளைகள் முன்னும் இருந்தன, இன்றும் உள்ளன. அவ்வாலோசனையில், "பிழைத்தாலும் அது என்ன வாழ்வு" என்னும் எண்ணம் சொல்லப்பட்டோ சொல்லப்படாமலோ தராசின் ஒரு தட்டிற் கிடக்கிறது. அத்தட்டின் பாரம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் நலமுடையோர் தமது கற்பனையிலிருந்து எடுத்து வைத்தது அது. விருந்துண்டு பழகியவன் தன் விருந்து பறிபோனதாக எண்ணிப் பார்த்து அடையும் துக்கத்தை, விருந்தை ஒருநாளும் அறியாத பிள்ளையின் துக்கமென்று கணக்கிற் சேர்த்துவிடுகிறான்.

பிள்ளைகளையே கேட்டவர்கள் வேறு விடை பெற்றிருக்கின்றனர். பிரான்சிலே வீட்டில் நாளவழி உணவு பெறும் பிள்ளைகளையும், அவர்தம் உடன்பிறந்தாரையும், பெற்றோரையும் தனித்தனியே வினாவிய ஓர் ஆய்வு 2005இல் வெளியாயிற்று. அப்பிள்ளைகள் தம் வாழ்விற் கொண்ட திருப்தி நலமுடைய பிள்ளைகளின் திருப்தியினின்று வேறுபடவில்லை. ஆஸ்பத்திரி, நோய் என்பன பற்றிய கேள்விகளில் அவர்கள் மகிழ்ச்சி கூறவில்லை. எந்தப் பிள்ளைதான் கூறும்? பெற்றோரின் திருப்தியோ குறைந்திருந்தது. தாய்மாருடையது எல்லாரினும் குறைந்திருந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் இதனோடு ஒத்துப்போகின்றன என்று சொல்லமாட்டேன். நலமுடைய பிள்ளைகளினும் இவர்களின் புள்ளி குறைந்ததாகக் கண்டனவும் உள. ஆனால் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது: பிள்ளையின் வாழ்வுக்குப் பெற்றோர் இடும் புள்ளி, பிள்ளை தானே இடும் புள்ளியினும் குறைவாயிருக்கிறது.

புள்ளி என்றேன். பரீட்சைத்தாள் திருத்திப் பழகிய கைக்கு அச்சொல்லிலே சிறிது ஐயம் உண்டு. அமெரிக்கரான ஜேம்ஸ் வார்னி என்னும் உளவியலார் ஆக்கிய வினாக்கொத்து ஒன்று இத்துறையிற் பெருவழக்காய் உள்ளது. இருபத்துமூன்று வினாக்கள்: உடல் பற்றி எட்டு, உள்ளம், தோழமை, பள்ளிக்கூடம் என்னும் மூன்றும் பற்றித் தலைக்கு ஐந்து. பள்ளிக்கூடத்தைப் பற்றிய ஐந்தினுள் இரண்டு, வராமை பற்றியவை: சுகமின்மையால் வராமை ஒன்று, ஆஸ்பத்திரிக்குப் போவதால் வராமை மற்றொன்று. ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சிரித்த முகமும் அழுத முகமும் காட்டி வினாவுவர். இவ்வினாக்கொத்து எல்லாப் பிணியாளர்க்கும் பொதுவாக ஆக்கப்பட்டது. இரவில் மணி அடிக்கிறதா, நண்பன் வீட்டில் ஓரிரவு தங்கினாயா, குழாயைக் காரணங்காட்டிக் குளத்தில் இறங்கவிடாது தடுத்தனரா, வகுப்பிலே மலம் கசிந்துவிடுமோ என்று அஞ்சினாயா என்று அது கேளாது. குடல் குன்றிய பிள்ளையின் ஒரு நாளை ஆக்குபவை இவையே. ஆதலாற் பொதுக்கொத்திற் பெற்ற புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்வு நன்று எனவோ தீது எனவோ முடிவு கட்டல் ஆகாது. புள்ளியோடு பிள்ளையின் வாய்ச்சொல்லும் வேண்டும். இந்நோய்க்கென்றே வேறு வினாக்கொத்துக்கள் ஆக்கும் முயற்சியை வரவேற்கிறேன். அவற்றின் வினாக்களையும் பிள்ளைகளிடமிருந்தே திரட்டவேண்டும் என்பது என் கட்சி.

இதற்கு மறுதலையும் ஒன்றுண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. பிள்ளை மகிழ்ச்சியாய் இருக்கிறது என்று கேட்டதும், இனிக் கவலையில்லை என்று கைகழுவும் அரசுகளும் ஆஸ்பத்திரிகளும் இருத்தல் கூடும். பிள்ளையின் மகிழ்ச்சி எவ்விடத்திலிருந்து வாங்கப்படுகிறது என்று பார்க்கவேண்டும். பெரும்பங்கு தாயின் நித்திரையிலிருந்து வாங்கப்படுகிறது. மணி அடிக்கும்போது எழுபவள் அவள். உத்தியோகத்தை விட்டவள் அவள். மூத்த பிள்ளையின் பரிசளிப்பு விழாவுக்கு வராது ஆஸ்பத்திரி வாங்கில் இருந்தவளும் அவளே. தாய் இடும் குறைந்த புள்ளியைப் பிள்ளையைப் பற்றிய தப்புக் கணக்கு என்று தள்ளிவிடாது, தன்னைப் பற்றி அவள் எழுதிய உண்மைக் கணக்கு என்று வாசித்தால் இவ்விரு புள்ளிகட்கும் இடையே முரண் இல்லை. கிழமைக்கு இரண்டிரவு பயிற்சி பெற்ற தாதி ஒருத்தி வந்து பம்பியைப் பார்த்துக்கொள்ளும் ஒழுங்கு இருப்பின் அவ்வீட்டின் முகமே மாறும். இது மருந்தன்று, ஆயினும் மருந்துப் பட்டியலில் முதலில் எழுதத்தக்கது.

பருவமும் கவனிக்கப்படல் வேண்டும். ஏழு வயதிற் குழாயைத் தோழர்க்குக் காட்டிப் பெருமை பேசிய பிள்ளை பதினான்கு வயதில் அதனைச் சட்டைக்குள் ஒளிக்கிறது. சிறுவயதிற் சுமையாகத் தோன்றாதது வாலிபத்திற் சுமையாகலாம். ஒருமுறை கேட்டுப் பதிந்த விடையை ஆயுள் முழுதிற்கும் விடையாகக் கொள்ளாது ஆண்டுதோறும் கேட்கவேண்டும்.

உணவைப் பற்றி ஒரு சொல். நாளவழியே உணவு பெறும் பிள்ளைகள் வாயால் ஒன்றும் உண்பதில்லை என்று பலர் எண்ணுவர். பெரும்பாலோர் சிறிதாயினும் உண்பர், உண்ணவும் வேண்டும். எஞ்சிய குடல் வளர்வதற்கு அதனுள் உணவு செல்லுதலே தூண்டுகோல். ஆனால் பிறந்த முதல் மாதங்களை ஆஸ்பத்திரியிற் கழித்த குழந்தைக்கு வாயில் நுழைந்தவை முலைக்காம்பும் சோற்றுக் கவளமுமல்ல. மூச்சுக் குழாயும் உறிஞ்சு குழாயுமே. வாய் என்பது வலி வரும் வாசல் என்று அது கற்றுக்கொள்கிறது. நம் வீடுகளிலே ஆறாம் மாதத்திற் சோறு தீத்துகிறோமே, அக்காலம் தவறிவிட்டாற் பின்னர் மெல்லவும் விழுங்கவும் பழக்குதல் ஆண்டுக்கணக்கான வேலையாகிறது. கரண்டியைக் கண்டதும் முகந் திருப்பும், குமட்டும். பொறுமையான பயிற்சியாளர் உளர். அவர் செய்வதிற் பாதி, பிள்ளையை உண்ணச் சொல்லாமல் உணவோடு விளையாட விடுவதே.

உண்ண முடியாத பிள்ளையை உணவு மேசையினின்று நீக்குதல் கருணையன்று. அப்பிள்ளை இழந்தது குடல். கூட இருந்து பேசுதலை அது இழக்கவில்லை. பிறந்தநாட் கொண்டாட்டத்துக்கு அழைத்தால் வருந்துமே என்று அழையாது விடுகின்றனர். உண்ணாததற்கு அது வருந்துமோ என்னவோ, அழையாததற்கு நிச்சயம் வருந்தும். உறவினரும் ஒன்று கவனிக்கலாம். "ஒரு வாய் சாப்பிடு, எனக்காக" என்று கெஞ்சுதல் அன்பேயாயினும், அத்தகைய பிள்ளைக்கு அது நாள்தோறும் தோற்கும் பரீட்சை.

மருந்துகளைப் பற்றி நீட்டியுரைக்க யான் தகுதியுடையேனல்லன். குடலை நீட்டும் சத்திரசிகிச்சைகள் 1980 முதல் உள்ளன. 2003இல் பொஸ்ரனில் மற்றொரு முறை வெளிவந்தது. குடல் மாற்றும் சிகிச்சையும் உண்டு. மாற்றியவர் உடலின் எதிர்ப்பைத் தணிக்கும் மருந்தை ஆயுள் முழுதும் உண்ணவேண்டும். குழாய்ப் பராமரிப்புத் திருந்தத் திருந்த அதனை நாடவேண்டியோர் தொகை குறைகிறது. குடற்சுவரை வளர்க்கும் ஓர்மோனைப் போன்ற தெடுகுளூரைட்டு என்னும் ஊசிமருந்து 2016இல் ஐரோப்பாவிலும் 2019இல் அமெரிக்காவிலும் பிள்ளைகட்கு அனுமதிக்கப்பட்டது. நாள்தோறும் போடவேண்டும், விலையோ மலைக்கவைப்பது. அதன் பயனைக் குறைந்த மில்லிலீற்றர்க் கணக்கில் அறிக்கைகள் கூறுகின்றன. யான் வேறொரு கணக்கைக் கேட்பேன்: கிழமையில் எத்தனை இரவு பம்பி ஓடவில்லை? ஏழிரவும் கட்டுண்ட பிள்ளைக்குச் சனி இரவு ஒன்று விடுதலையானால், பாட்டி வீட்டுக்கும் பாடசாலைச் சுற்றுலாவுக்கும் அன்றைக்குப் போகலாம். குருதிப் பரிசோதனைத் தாளிலே அவ்வொரிரவு தெரியாது.

இத்தனையும் செல்வ நாடுகளின் கதை என்று ஒருவர் கூறின் மறுக்கமாட்டேன். தூய அறையிற் கலந்த கரைசல், அதனைக் குளிரிற் காத்து வீடுகட்குக் கொண்டுசெல்லும் வண்டி, அறாத மின்சாரம், இரவிலும் விடை சொல்லும் தாதி என்பன ஒருங்கு கூடாத இடத்தில் வீட்டுவழி நாளவுணவு நடவாது. உலகின் பெரும்பகுதியில் அவை ஒருங்கு கூடவில்லை. அங்கே வாழ்வின் தரம் என்னும் வினா எழுவதற்கு முன்னரே வாழ்வு முடிந்துவிடுகிறது. அத்தகைய நாடுகளின் வைத்தியர் பெற்றோர்க்குக் கூறவேண்டிய சொற்கள் கடினமானவை. அவரைக் குறை கூறுதல் எளிது, நியாயமன்று. "செலவு மிகுதி, எம்மால் இயலவில்லை" என்று உண்மையைச் சொல்லட்டும். "பிழைத்தாலும் நல்வாழ்வு வாராது" என்று, இயலாமைக்குப் பிள்ளையின் எதிர்காலத்தைச் சாட்சியாக அழையாதிருக்கட்டும். முன்னையது திருத்தக்கூடிய குறை. பின்னையது திருத்தும் எண்ணத்தையே இல்லாமற் செய்துவிடும்.

இனி நம் பகுதிக்கு வருவோம். குழாய் இல்லாமலே குறுகிய குடலோடு வளரும் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்திலும் இருக்கலாம். குழாயோடு வரும் பிள்ளை, கடல் கடந்த நகரங்களிலே ஆசிரியத் தொழில் புரியும் நம் பழைய மாணவர் வகுப்பில் இருக்கலாம். அவர் அறியவேண்டிய செய்தி ஒன்றை எவரும் ஆசிரியர்க்குச் சொல்லி யான் கேட்டதில்லை. குறுங்குடற் பிள்ளை மாப்பொருளும் சீனியும் மிகுதியாக உண்டால், சமிபாடடையாத மிச்சம் பெருங்குடலை அடைந்து ஆங்குள்ள பற்றீரியாக்களாற் புளிக்கும். அப்போது தோன்றும் ஒருவகை இலற்றிக்கமிலத்தை உடல் விரைவிற் கழிக்கமாட்டாது. அது குருதியில் ஏறும்போது பிள்ளைக்கு நாக் குழறும், நடை தள்ளாடும், கேட்டதற்கு விடை வராது, கண் சொருகும். மதுவுண்டவன் நிலைக்கு ஒப்பானது. இதனை அறியாத ஆசிரியர் சோம்பல் என்பார், நடிப்பு என்பார், எழுந்து நிற்கச் சொல்வார். அறிந்தவரோ வீட்டுக்குத் தொலைபேசியில் அறிவிப்பார். வைத்தியர் உணவை மாற்றியும் மருந்து கொடுத்தும் திருத்துவர்.

ஏனையவை சிறு காரியங்கள். இப்பிள்ளைகட்கு மலசலகூடம் செல்லும் அவசரம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. பாடத்தின் நடுவிற் கையுயர்த்தி, நாற்பது பேர் பார்க்க அனுமதி கேட்கும்படி வைத்தல் கொடுமை. கதவருகே ஓர் இருக்கையும், கேளாமலே எழுந்துபோகும் உரிமையும் கொடுத்துவிட்டால் அப்பிள்ளை பாடத்தைக் கேட்கும். இல்லையேல் தன் வயிற்றையே கேட்டுக்கொண்டிருக்கும். மாற்றுடுப்பு வைக்க ஓரிடம் வேண்டும். தண்ணீர்ப் போத்தல் மேசைமேல் இருக்க விடவேண்டும். நீரும் உப்பும் அவ்வுடலினின்று எளிதில் வடிந்துபோகும். குழாயில் அடிபடக்கூடிய ஆட்டங்களைத் தவிர்த்து, மற்றை விளையாட்டுக்களிற் சேர்க்கலாம். புள்ளி குறிக்கும் மேசையில் மட்டும் நிரந்தரமாக இருத்துதல் வேண்டா. எதனைத் தோழர்க்குச் சொல்லலாம், எதனைச் சொல்லலாகாது என்பதைப் பிள்ளையிடமே கேட்கவேண்டும். தலைமையாசிரியர் காலைக் கூட்டத்தில் அறிவிக்கும் செய்தியன்று அது.

இடாப்பிலே இப்பிள்ளைகளின் பெயருக்கு நேரே வராமைக் குறி நிறைந்திருக்கும். தவணைக்கு நாற்பது நாள் வாராத பிள்ளையை, வந்த அன்று விடுபட்ட நாற்பது நாட் பாடத்தையும் கொப்பியெழுத வைப்பது பலரின் வழக்கம். எது இன்றியமையாதது என்று பிரித்துக் கொடுப்பது ஆசிரியன் வேலை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும் நாட்களில், வகுப்பில் நடந்த பாடத்தோடு வகுப்பில் நடந்த வம்பையும் எழுதி ஒரு தோழன் அனுப்புவானாயின், அப்பிள்ளை வகுப்பினின்று நீங்கவேயில்லை. பொதுப் பரீட்சையிலே வினாத்தாளின் நடுவில் இருமுறை எழுந்து போகவேண்டியவனுக்கு அந்நேரத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அதற்கு வைத்தியச் சான்றிதழும் அதிபரின் கடிதமும் முன்கூட்டியே போகவேண்டும். பரீட்சைக்கு முதல்நாள் நினைவு வந்து பயனில்லை.